கோட்டைக்கு வெளியே ஒரு காவல்

செஞ்சிக்கு வருகின்றவர் கண்ணில் முதலில் படுவது கல். திண்டிவனத்திலிருந்து வந்தாலும் சரி, திருவண்ணாமலையிலிருந்து வந்தாலும் சரி, யாரோ ஓர் அரக்கன் விளையாடிவிட்டுப் போட்டாற்போல் பாறைமேல் பாறையாய்க் குவிந்து கிடக்கும் குன்றுகளே அவரை வரவேற்கின்றன. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். நாங்கள் அந்த மதிலின் நிழலில் பிறந்தவர்கள். மாடு மேய்த்ததும், பள்ளிக்கு மட்டம் போட்டு ஒளிந்ததும், தேர்வுக்குப் படித்ததும் அந்தக் கற்களின் நடுவேதான். எங்களுக்குக் காவல் என்றால் மதில். பாதுகாப்பு என்றால் அகழி. அதற்கு மேல் எங்கள் சிந்தனை சென்றதில்லை.

கடலோ எங்களுக்கு அயலானது. மரக்காணத்திற்கோ புதுச்சேரிக்கோ போனால்தான் அதைப் பார்க்கலாம். இராசகிரியின் உச்சியில் ஏறி நின்று கிழக்கே எவ்வளவு கூர்ந்து நோக்கினாலும் வயலும் ஏரியும் பனைமரமுமே தெரியும். அப்படிப்பட்ட ஊரில், ஆண்டுதோறும் டிசம்பர் 9-ஆம் நாள் காலைத் திருப்பலியில் ஒரு கருத்து அறிவிக்கப்பட்டு வந்தது: 'கடலில் மாண்டவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.' அமலோற்பவ அன்னையின் திருநாள் முடிந்த மறுநாள் அது. முதல் நாள் கட்டிய தோரணங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். கோவிலில் பத்துப் பன்னிரண்டு பேர்தாம் இருப்பார்கள். பீடச் சிறுவர்களாய் இருந்த எங்களுக்கு அந்தக் கருத்து புதிராகவே இருந்தது. வயலில் பாம்பு கடித்து மாண்டவர் உண்டு. கிணற்றில் விழுந்து மாண்டவர் உண்டு. கடலில் மாண்டவர் எங்கள் ஊரில் எவர்?

ஒரு முறை துணிந்து பங்குத்தந்தையிடம் கேட்டோம். அவர் கடைசி வரிசையில் தூணோரமாய் முழந்தாளிட்டிருந்த ஒரு மனிதரைக் கண்ணால் சுட்டிக்காட்டி, "அவரிடமே கேளுங்கள்" என்றார். ஊரார் அவரைக் 'கப்பல்காரர்' என்பார்கள். எங்களுக்கு அவர் கப்பல்காரத் தாத்தா. கடைத்தெருவில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாதவர். சக்கரத்தின் கோட்டத்தை எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, காதால் கேட்டே எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காது எங்கே பழகியது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

* * *

தாத்தா பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்தவர். மானாவாரி நிலக்கடலையை நம்பியிருந்த வீடு. இரண்டு ஆண்டு மழை பொய்த்தது. அப்போதுதான் ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. நீந்தத் தெரியுமா என்று கேட்டார்களாம். கோட்டைக்குள் இருக்கும் செட்டிக்குளத்தில் நீந்தியிருக்கிறேன் என்றாராம். கொதிகலன் வேலைக்கான பயிற்சியை லோனாவாலாவில் பெற்றார். அந்தப் பயிற்சி நிலையத்தின் பெயர் 'சிவாஜி.' 1677-ஆம் ஆண்டில் செஞ்சியைக் கைப்பற்றிய அதே மராட்டிய மன்னரின் பெயர். "எங்கள் கோட்டையைப் பிடித்தவர் என்னையும் பிடித்துக்கொண்டார்" என்று தாத்தா சிரிப்பார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அந்த ஒரு பேச்சுக்குத்தான்.

பயிற்சிக்குப்பின் சில கப்பல்களில் இருந்துவிட்டு, 'குக்ரி' என்னும் போர்க்கப்பலில் ஸ்டோக்கராக மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். குக்ரி என்றால் கூர்க்கர்கள் இடையில் செருகியிருக்கும் வளைந்த கத்தி. அதனுடன் பிறந்த மற்ற இரு கப்பல்கள் கிர்பானும் குட்டாரும். ஒன்று சீக்கியரின் வாள், மற்றொன்று கோடரி. மூன்றும் இங்கிலாந்தில் கட்டப்பட்டு 1950-களின் இறுதியில் நம் கடற்படைக்கு வந்தவை. பெயரைக் கேட்டால் பெரிய தாக்குதல் கப்பல்கள் போலத் தோன்றும். உண்மையில் அவை காவற்கப்பல்கள்.

காவற்கப்பல் என்றால் என்னவென்று தாத்தா எங்களுக்கு விளக்கிய முறை இன்றும் நினைவிருக்கிறது. கடை வாசலில் கிடந்த இரும்புக் குண்டுமணிகளைத் தரையில் பரப்பினார். "இவை சரக்குக் கப்பல்கள். அரிசி, எண்ணெய், நிலக்கரி, மனிதர்கள். இவற்றுக்குச் சண்டை தெரியாது. தண்ணீருக்கடியில் ஒருவன் ஒளிந்து வருகிறான், அவன்தான் நீர்மூழ்கி. இரண்டுக்கும் நடுவே போய் நிற்பது எங்கள் வேலை." இரண்டு உலகப் போர்களிலும் அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிகளால் ஆயிரக்கணக்கான வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. பிரிட்டன் பட்டினி கிடக்கும் நிலைக்கு அருகே சென்றது. அந்த அனுபவத்தின் பயனாகவே, இரண்டாம் போருக்குப் பின்னர், நீர்மூழ்கியை வேட்டையாடுவதொன்றையே தொழிலாகக் கொண்ட சிறு கப்பல்களைக் கட்டினார்கள். செலவு குறைவாக, எண்ணிக்கை மிகுதியாகக் கட்ட வேண்டும் என்பது எண்ணம். எனவே குக்ரியில் பெரும் பீரங்கிகள் இல்லை. சிறு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் மூன்றும், நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளை எறியும் கருவிகள் இரண்டுமே அதன் படைக்கலம். நீளம் 94 மீட்டர். கொதிகலன்கள் இரண்டு, சுழல்தண்டு ஒன்றே ஒன்று. "ஒற்றைக்கால் கொக்கு" என்பார் தாத்தா.

அந்தக் கொக்குக்கு இருந்த முதன்மையான கருவி, காது. சோனார் என்னும் கருவி நீருக்குள் ஓர் ஒலியை அனுப்பும். அது எதிலேனும் மோதித் திரும்பினால் அந்த எதிரொலியைக் கொண்டு அங்கே ஏதோ இருக்கிறதென்று அறியலாம். இதில் இரண்டு இடர்கள் உண்டு. நம்முடையவை போன்ற வெப்பக் கடல்களில் மேல்நீர் சூடாகவும் கீழ்நீர் குளிர்ந்தும் இருப்பதால் ஒலி வளைந்துபோகிறது. நீர்மூழ்கி அந்த வளைவின் அடியிலே நிழலில் நிற்பதுபோல் மறைந்து நிற்க முடியும். மற்றொன்று, கப்பல் விரைந்து ஓடினால் அதன் இரைச்சலே அதன் காதை அடைத்துவிடும். நன்றாய்க் கேட்க வேண்டுமானால் மெதுவாகப் போக வேண்டும். மெதுவாகப் போனால் எளிதில் அடிபட நேரும். பிறரைக் காக்க விரும்புகிறவன் தன்னை எந்த அளவுக்கு ஆபத்துக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எங்களுக்கு எவரும் சொன்னதில்லை.

* * *

1970-ஆம் ஆண்டில் தாத்தாவுக்குக் கொச்சிக்கு மாற்றல் வந்தது. கரையில் பணி. குக்ரியில் அவர் இடத்திற்கு வேறொருவர் நியமிக்கப்பட்டார். தாத்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய நாளில் அந்த மனிதர் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தம்முடைய படுக்கைக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்த ஒரு செபமாலையைத் தாத்தா மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் போர் மூண்டது. 4-ஆம் நாள் இரவில் நம் ஏவுகணைப் படகுகள் மூன்று கராச்சித் துறைமுகத்தைத் தாக்கின. அவற்றுக்குத் துணையாகச் சென்றவையும் காவற்கப்பல்களே. அந்த வெற்றியின் நினைவாகத்தான் இன்றும் டிசம்பர் 4 கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அந்நாள்களில் அரபிக்கடலில் பாகிஸ்தானின் நீர்மூழ்கி ஒன்று உலவிக்கொண்டிருந்தது. பிரான்சில் கட்டப்பட்ட அதன் பெயர் ஹாங்கோர். சௌராட்டிரக் கரைக்கு அப்பால் அது இருப்பதை நம்மவர்கள் உணர்ந்தார்கள். பம்பாய்க்கு வந்துபோகும் கப்பல்கள் எல்லாம் அதன் வாய்க்கு நேரே இருந்தன. அதைத் தேடிப் பிடிக்கக் குக்ரியும் கிர்பானும் டிசம்பர் 8-ஆம் நாள் பம்பாயிலிருந்து புறப்பட்டன. எங்கள் கோவிலில் அன்னையின் திருநாள் தேர் சுற்றிவந்த நாள் அது.

குக்ரியின் தலைவர் கேப்டன் மகேந்திர நாத் முல்லா. கோரக்பூரில் பிறந்தவர், அப்போது அவருக்கு வயது 45. அந்தக் கப்பல் வரிசை முழுமைக்கும் அவரே தலைவர். மறுநாள் 9-ஆம் தேதி, வியாழக்கிழமை இரவு, டையூவிலிருந்து ஏறக்குறைய 40 கடல்மைல் தொலைவில் இரு கப்பல்களும் தேடிக்கொண்டிருந்தன. தேடப்பட்டவனின் காது தேடியவர்களின் காதைவிட நீண்டிருந்தது. ஹாங்கோர் முதலில் ஏவிய டார்பிடோ கிர்பானைத் தவறவிட்டது. அடுத்தது குக்ரியின் அடியில் வெடித்தது. இரண்டு மூன்று நிமிடங்கள், அவ்வளவே. கப்பல் நீருக்குள் இறங்கிவிட்டது. அன்றிரவு அது வேகத்தைக் குறைத்துச் சென்றது சரியா, தவறா என்று கடற்படையினர் பின்னாளில் நெடுங்காலம் விவாதித்தார்கள். தாத்தா அந்த விவாதத்திற்குள் போகமாட்டார். "கீழே இருந்தவர்களுக்கு அது தெரியாது தம்பி. கொதிகலன் அறையிலிருந்து மேல்தளத்துக்கு ஏணி எத்தனை படி என்று எனக்குத் தெரியும். அது மட்டும் எனக்குத் தெரியும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். மறுநாள் 'கச்சால்' என்னும் கப்பல் கடலில் மிதந்துகொண்டிருந்த 67 பேரை மீட்டது. மீண்டவர்கள் தம் தலைவரைப் பற்றிச் சொன்னது நாடெங்கும் பரவியது. கப்பலைக் கைவிடும்படி ஆணையிட்ட கேப்டன் முல்லா, தம்முடைய உயிர்காப்பு அங்கியைக் கழற்றி ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டார், இயன்றவரை பிறரை வெளியேற்றினார், தாம் வெளியேறவில்லை. அவருக்கு இறப்புக்குப்பின் மகா வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

* * *

இனி நாங்கள் சொல்லப்போவது எந்தப் போர் வரலாற்றிலும் இராது. அது செஞ்சியில் ஒரு கூரைவீட்டில் நடந்தது.

தாத்தாவின் தாய் எழுதப் படிக்கத் தெரியாதவர். கடலைப் பார்த்தறியாதவர். மகன் கொச்சிக்கு மாற்றலானதைக் கடிதத்தில் எழுதியிருந்தும், கொச்சி என்பது கப்பல் போய் நிற்கும் ஊர் என்றே அவர் எண்ணிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த கப்பல் ஒன்றே ஒன்று. அதன் பெயர் குக்ரி. சில நாள்கள் கழித்துக் குக்ரி மூழ்கிய செய்தி நாளேட்டில் வந்தது. தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, அதைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து அந்த அம்மையாரிடம் சொல்லிவிட்டான்.

அதன்பின் கொச்சியிலிருந்து கடிதம் வரும்வரை கடந்த நாள்களைப் பற்றித் தாத்தாவுக்கு அவருடைய தங்கை சொல்லித்தான் தெரியும். வீட்டில் அடுப்பு எரியவில்லை. உறவினர் வந்து கூடிவிட்டனர். பிணமில்லாத சாவுக்கு எப்படி ஒப்பாரி வைப்பது என்று எவருக்கும் தெரியவில்லை. பாட்டி ஒப்பாரி வைக்கவும் இல்லை. வாசலில் அமர்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் தபால்காரர் வந்தார். மகனின் கையெழுத்து. தான் கரையில் நலமாக இருப்பதாகவும், குக்ரியில் தான் இல்லையென்றும் எழுதியிருந்தான். வீடே கூத்தாடியது. பாட்டியும் அழுது, சிரித்து, கோவிலுக்கு ஓடி மெழுகுவர்த்தி ஏற்றினார்.

அன்றிரவு எல்லாரும் உறங்கியபின் அவர் மகளை எழுப்பினாராம். "நமக்குக் கடிதம் வந்துவிட்டது. என் பிள்ளை படுத்த இடத்தில் படுத்த பிள்ளைக்குக் கடிதம் எழுத யார் இருக்கிறார்கள்? அவனைப் பெற்றவள் இந்நேரம் வாசலில் உட்கார்ந்திருப்பாளே" என்றாராம்.

மறுநாள் காலையில் முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் சென்றார். பூசைக் கருத்துக்கு யார் பெயரை எழுதுவது என்று தந்தை கேட்டார். பெயர் தெரியாது என்றார் பாட்டி. 'கடலில் மாண்டவர்கள்' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். செஞ்சியில் அந்தத் திருப்பலி இப்படித்தான் தொடங்கியது. பாட்டி இருந்தவரை அவரே அதற்குப் பணம் கட்டினார். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய தாத்தா, தாய்க்குப் பின் அதைத் தொடர்ந்தார்.

* * *

இவற்றையெல்லாம் தாத்தா ஒரே நாளில் சொல்லவில்லை. பல ஆண்டுகளில், துண்டு துண்டாகச் சொன்னார். நாங்கள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள், விடியற்காலையில் அவருடன் இராசகிரி ஏறினோம். உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறையும் பாறையும் பிளந்து நிற்கும் ஆழமான இடுக்கின்மேல் ஒரு சிறு பாலம் உண்டு. அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் உச்சியை எவராலும் அணுக முடியாது. முகலாயப் படைத்தலைவர் சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையிட்டு, 1698-இல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்ததென்றால் காரணம் இதுபோன்ற அமைப்புகளே. நாங்கள் பெருமையுடன் அதைச் சொன்னோம்.

தாத்தா பாலத்தின் நடுவே நின்று கீழே பார்த்தார். "உள்ளே இருப்பவர்களைக் காக்கக் கோட்டை நல்லதுதான். வெளியே வயலில் இருந்தவனை இந்த மதில் காத்ததா? எட்டு வருடம் முற்றுகை நடந்தபோது சுற்றுப்பட்டுக் கிராமங்கள் என்ன சாப்பிட்டன?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. "கப்பலுக்கு மதில் கிடையாது தம்பி. வெளியே போனால்தான் காவல். தேசிங்கு ராசாவும் அப்படித்தானே வெளியே போனான்?" என்றார்.

தேசிங்குராஜன் கதை எங்கள் ஊரில் தெருக்கூத்தாய்க் கேட்டுக் கேட்டுப் பழகியது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்க்கச் சிறு குதிரைப் படையுடன் கோட்டையைவிட்டு வெளியேறி மாண்ட இளைஞன் அவன். கூத்தில் அவன் வீரத்தைப் பாடுவார்கள். நாங்களும் அந்த நினைவில், "கேப்டன் முல்லாவும் தேசிங்கைப் போல வீரர்தான்" என்று சொல்லிவைத்தோம். தாத்தா தலையை அசைத்தார். "அவரோடு நான் வேலை பார்த்ததில்லை. அவர் கப்பலுக்கு வரும்முன்பே நான் வந்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். தேசிங்கு சாவதற்குப் போனான். அவர் சாவதற்குப் போகவில்லை; வேலைக்குப் போனார். வேலை அங்கே இருந்தது. அங்கியைக் கொடுத்ததும் அந்த வேலையின் பகுதிதான். கப்பல் முழுவதும் பிறருக்காக நடுவே போய் நிற்கிறது. அதன் தலைவர் தம் ஆள்களுக்காக நடுவே போய் நின்றார்."

உச்சியை அடைந்து, அங்கே கிடக்கும் பழைய பீரங்கியின் அருகே அமர்ந்தோம். அப்போது எங்களில் ஒருவர், நெடுநாளாய் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டார்: "தாத்தா, உங்கள் இடத்திற்கு வந்தவர் யார் என்று விசாரிக்கவே இல்லையா? எழுதிக் கேட்டால் தெரிந்துவிடுமே. நாங்கள் எழுதிப் பார்க்கட்டுமா?"

அவர் வெகுநேரம் பேசவில்லை. காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. பின்னர், "வேண்டாம்" என்றார். "முதலில் பயத்தால் கேட்கவில்லை. அவன் செத்திருந்தால் என்னால் தாங்க முடியாதென்று நினைத்தேன். பிறகு அம்மா சொன்னாள்: பெயர் தெரிந்தால் அவன் ஒருவனுக்காக மட்டும் அழுவாய், தெரியாதவரைக்கும் எல்லாருக்காகவும் வேண்டுவாய் என்று. அதுவுமில்லாமல், அறுபத்தேழு பேர் பிழைத்தார்களே. அதில் அவனும் இருக்கலாம். எங்கேயோ பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். என் செபமாலையை எந்தச் சாமியுடையதோ என்று பத்திரமாய் வைத்திருக்கலாம். அந்தக் கதவை நான் மூடவில்லை."

சக்கரத்தின் கோட்டத்தைக் காதால் கேட்டறியும் அந்த மனிதர், இந்த ஒன்றைக் கேட்காமலே இருக்க எவ்வளவு முயன்றிருப்பார் என்று எண்ணியபடியே இறங்கினோம்.

* * *

1999-ஆம் ஆண்டு. கார்கில் போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஊரெங்கும் சினம் தணியாத காலம். அந்த டிசம்பரில் தாத்தா எழுதிக் கொடுத்த கருத்தில் இரண்டு சொற்கள் கூடியிருந்தன: 'இரு நாட்டாரும்.' தந்தை அப்படியே வாசித்தார். பூசை முடிந்து வெளியே வந்தபோது சிலர் முகம் சுளித்தனர். "நம் ஆள்களைக் கொன்றவர்களுக்குமா பூசை?" என்று ஒருவர் நேராகவே கேட்டார்.

தாத்தா சினக்கவில்லை. அதே போரில், டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, விசாகப்பட்டினத்தின் வாசலில் பாகிஸ்தானின் 'காஸி' என்னும் நீர்மூழ்கி மூழ்கியதையும், அதிலிருந்த 90-க்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்பதையும் அமைதியாகச் சொன்னார். "நீர்மூழ்கியிலும் கீழே எந்திரம் ஓட்டுகிறவன் இருப்பான் ஐயா. அவனும் என்னைப் போல ஒருவன். அவன் அம்மாவும் வாசலில் உட்கார்ந்திருப்பாள்" என்றார். கேட்டவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு அவர் அந்தப் பூசைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு வந்தார்.

பகைவரை நேசிக்கும்படி ஆண்டவர் சொன்னதை நாம் மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டுத் தலையசைத்து வீடு திரும்பியிருக்கிறோம். பகைவனுக்கும் ஒரு தாய் உண்டு என்னும் எளிய நினைவிலிருந்து அந்த நேசம் தொடங்கலாம் என்பதை எங்களுக்குக் காட்டியது கொதிகலன் அறையிலிருந்து வந்த ஒரு மனிதரின் பூசைக் கருத்து. நாட்டுப்பற்றில் அவர் எவருக்கும் இளைத்தவரல்லர். தம் இளமையை நாட்டுக்குக் கொடுத்தவர். ஆயினும் இறந்தவர்களைப் பிரித்து நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. கடலும் அவர்களைப் பிரித்து வைக்கவில்லை.

* * *

தாத்தா மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவரால் போக முடியாமற்போன இடத்திற்கு 2023-இல் நாங்கள் மூவர் சென்று வந்தோம். டையூவில், கடலை நோக்கிய ஒரு மேட்டின்மேல் குக்ரிக்கு நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். 1999 டிசம்பரில் திறக்கப்பட்டது; தாத்தா 'இரு நாட்டாரும்' என்று எழுதிக்கொடுத்த அதே மாதம். கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பலின் சிறு உருவம் நிற்கிறது. டையூவிலும் போர்த்துகீசியர் கட்டிய பெருங்கோட்டை ஒன்று உண்டு. 1610-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித பவுல் ஆலயமும் உண்டு. கோட்டையைக் காணவே கூட்டம் வருகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது புதிதன்று.

குக்ரி என்னும் பெயரை நம் கடற்படை அழியவிடவில்லை. 1989-இல் மற்றொரு கப்பலுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. அக்கப்பல் 32 ஆண்டுகள் பணியாற்றி 2021 டிசம்பரில் ஓய்வுபெற்றது. காட்சிக்கூடமாக வைப்பதற்கென்று 2022-இல் டையூவுக்கே வழங்கப்பட்டது. முதல் குக்ரி கடலடியில் கிடக்க, இரண்டாம் குக்ரி அதன் அருகிலேயே கரையில் வந்து அமர்ந்துவிட்டது. இறந்தவரின் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கமே எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

மாலையில் கடற்கரையில் நின்றோம். நாற்பது கடல்மைலுக்கு அப்பால் உள்ள இடம் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இராசகிரியின் உச்சியிலிருந்து கடலைத் தேடிய அதே கண்களால் கடலுக்குள் தேடினோம். எங்களுள் ஒருவர் பையிலிருந்து ஒரு சிறு கல்லை எடுத்தார். செட்டிக்குளத்தின் படித்துறையருகே பொறுக்கியது. தாத்தா நீந்தக் கற்ற குளம். அதைக் கடலில் எறிந்துவிட்டு, கடலில் மாண்ட அனைவருக்காகவும் ஒருமுறை செபித்தோம். அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

* * *

2025 ஜூலையில் மராட்டியர் காலப் பன்னிரண்டு கோட்டைகள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பதினொன்று மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று எங்கள் செஞ்சி. ஊரில் வெடி வெடித்தார்கள், இனிப்பு வழங்கினார்கள். எங்களுக்கும் மகிழ்ச்சியே. எங்கள் கல்லை உலகம் பார்க்க வருகிறது. அந்தக் கல்லைக் காத்துத் தரவும் சட்டம் உண்டு.

ஆயினும் எங்கள் ஊரின் சின்னங்களை எண்ணும்போது மற்றொன்றையும் சேர்த்து எண்ணத் தோன்றுகிறது. அதைப் பார்க்க எவரும் வரமாட்டார்கள். டிசம்பர் 9 காலையில், தோரணம் அவிழ்க்காத கோவிலில், பத்துப் பன்னிரண்டு பேர் நடுவே வாசிக்கப்படும் ஒரு வரி அது. எழுத்தறியாத ஒரு தாய், தாம் பார்த்திராத கடலில் மாண்ட, தமக்குப் பெயர் தெரியாத பிள்ளைகளுக்காக முந்தானைக் காசை அவிழ்த்துத் தொடங்கிவைத்தது. தம் பிள்ளை பிழைத்ததென்ற மகிழ்ச்சிக்குள்ளேயே அடைந்து கிடந்திருக்கலாம். அவர் அதைவிட்டு வெளியே வந்தார். நடுக்கடலில் அந்தக் கப்பல் செய்ததும், அதன் தலைவர் செய்ததும், செஞ்சியில் அந்தத் தாய் செய்ததும் ஒன்றே என்று எங்களுக்குப் படுகிறது.

நம்மில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவர் நடுவே போய் நின்றதால் கரையில் உறங்குகிறவர்களே. பெரும்பாலும் அவர்கள் பெயர் நமக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள இயலாத பெயர்களுக்காகவும் மன்றாட இடம் உண்டு என்பது நமக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

கடந்த ஆண்டும் அந்தத் திருப்பலி நடந்தது. கருத்தை எழுதிக் கொடுக்கச் சென்றபோது, புதிதாக வந்திருக்கும் இளம் பங்குத்தந்தை, எழுதுகோலை எடுத்துக்கொண்டு, "யார் பெயருக்கு?" என்று கேட்டார். பாட்டி சொன்ன பதிலையே நாங்களும் சொன்னோம். அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.